12 ரூபாவுக்கு ஒரு குற்றவாளி, 156 ரூபாவுக்கு இன்னொருவர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓட்டோ ஓட்டும் வாசகர் ஒருவர் 2025 ஜூலையில் நான்கு பக்கம் எழுதியிருந்தார். அதன் சாரமும், அன்று நான் எழுதிய பதிலும் இவை:

"அம்மா, பதினெட்டு வருடமாக ஓட்டோ ஓட்டுகிறேன். ஜூன் 30ஆம் திகதி மாலை ஏழு மணிக்குப் பெற்றோல் அடிக்க ஷெட்டுக்குப் போனேன். 'பெற்றோல் இல்லை' என்று பலகை தொங்கியது. இரவு விலை ஏறியது என்று செய்தி வந்தது. மறுநாள் காலை அதே ஷெட்டில் பெற்றோல் இருந்தது, 293 ரூபாவுக்கு அல்ல, 305 ரூபாவுக்கு. ஈரானில் சண்டை என்கிறான் மகன். ஆனால் சண்டை நின்று, உலக விலை இறங்கிவிட்டது என்றும் அவனே சொல்கிறான். பின் ஏன் இங்கே ஏறியது? ஏறி உட்காரும் பயணிகளில் ஒருவர் ஐ.எம்.எப். (சர்வதேச நாணய நிதியம்) என்கிறார், ஒருவர் அரசாங்கம் என்கிறார், ஒருவர் ஷெட் முதலாளி கொள்ளையடிக்கிறார் என்கிறார். நீங்கள் எண்ணெய்க் கணக்குப் பார்த்தவர் என்று அறிந்தேன். யாரைத் திட்டுவது என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். இன்னொன்று: இந்த மாதம் 31ஆம் திகதி தாங்கியை நிரப்பி வைக்கட்டுமா?"

அன்புள்ள தம்பி,

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, இரண்டுக்கும் பதில் வேறு. 293 ரூபா ஏன் 305 ஆனது என்பது ஒன்று. 2021 நடுப்பகுதிவரை 137 ரூபாவுக்கு அடித்த பெற்றோலை நாம் ஏன் 293 ரூபாவுக்கு அடித்துக்கொண்டிருந்தோம் என்பது மற்றது. முதலாவது 12 ரூபா. இரண்டாவது 156 ரூபா. நாடு முழுவதும் 12 ரூபாவைப் பற்றித்தான் பேசுகிறது.

முதலில் ஷெட்டைப் பார்த்துவிடுவோம், கோபம் அங்கேதான் சூடாக இருக்கிறது.

ஷெட்டுக்காரர் பெற்றோலைக் காசு கட்டித்தான் எடுக்கிறார். மாதக் கடைசி இரவில் விலை இறங்கினால், அவருடைய நிலக்கீழ்த் தாங்கியில் இருக்கும் ஒவ்வொரு லீற்றரிலும் அந்த வித்தியாசம் அவர் தலையில் விழும். ஆறாயிரம் லீற்றர் இருக்கிற நேரத்தில் 6 ரூபா இறங்கினால் ஒரே இரவில் 36,000 ரூபா போய்விடும். ஏறினால் அதே அளவு கையில் வந்து சேரும். இதனால் 28, 29ஆம் திகதிகளில் ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு சிறு சூதாட்டம் நடக்கிறது. இறங்கும் என்று நினைப்பவர் எண்ணெய் கொண்டுவரும் பவுசரை அழைக்க மாட்டார், தாங்கி வற்றிவிடும். ஏறும் என்று நினைப்பவரில் சிலர் பலகையைத் தொங்கவிடுவார்கள். நீங்கள் பார்த்த பலகை எந்த வகை என்று எனக்குத் தெரியாது. காலையில் பவுசர் வந்ததா என்று பக்கத்துத் தேநீர்க்கடையில் கேட்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கையிருப்பை வைத்துக்கொண்டு விற்க மறுப்பது நுகர்வோர் அதிகாரசபைச் சட்டப்படி குற்றம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து, இடத்தையும் நேரத்தையும் சொல்லி முறையிடலாம். அழையுங்கள்.

ஆனால் விலையை நிர்ணயிப்பவர் அவர் அல்லர். அவருக்கு நீண்ட காலமாக இருந்தது விற்பனையில் 3 வீத கொமிஷன், அதாவது 300 ரூபாவில் 9 ரூபா. அதிலிருந்துதான் மின்கட்டணம், வங்கி வட்டி, இரவு பகலாகக் குழாய் பிடித்து நிற்கும் பையன்களின் சம்பளம், வெயிலில் ஆவியாகிப் போகும் லீற்றர் எல்லாம். அந்த 3 வீதத்தை 2025 பெப்ரவரி இறுதியில் அரச பெற்றோலியக் கூட்டுத்தாபனம் மாற்றப்போனபோதுதான் அவர்கள் ஓடர் போடுவதை நிறுத்தினார்கள்; மார்ச் பிறந்த அன்று கொழும்பில் மறுபடி வரிசை நின்றது உங்களுக்கு மறந்திருக்காது. எய்தவன் இருக்க அம்பை நோவதில் பயனில்லை. அம்பு சில நேரம் தானாகவும் கொஞ்சம் குத்தும், அவ்வளவுதான்.

இனி அந்த 12 ரூபா. உங்கள் மகன் சொன்ன இரண்டும் சரி. ஜூன் 13ஆம் திகதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. ஜூன் 24ஆம் திகதி சண்டை நிறுத்தம் வந்தது. இடையில் சந்தை பயந்தது ஒரு நீரிணையைப் பார்த்து. ஈரானுக்கும் ஓமானுக்கும் நடுவே இருக்கும் ஹோர்முஸ் வழியாகத்தான் உலகம் எரிக்கும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போகிறது. அந்த ஜூனில் அது அடைபடவில்லை. அடைபட்டுவிடுமோ என்ற நினைப்பே பீப்பாய்க்குப் பத்து டொலரைக் கூட்டிற்று. பயம் தெளிந்ததும் விலை வந்த வழியே இறங்கியது. இறங்கிய பிறகு நமக்கு ஏன் ஏறியது? நமது விலைச் சூத்திரம் இன்றைய விலையைப் பார்ப்பதில்லை, கடந்துபோன வாரங்களின் சராசரியைப் பார்க்கிறது. நேற்று மழையில் நனைந்த சட்டையை இன்று வெயிலில் போட்டுக்கொண்டு திரிவது போல. ஏறும்போதும் பிந்தும், இறங்கும்போதும் பிந்தும். ஏறும்போது பிந்துவதை யாரும் கவனிப்பதில்லை. ஜூன் நடுப்பகுதியில் உலகம் கூடிய விலை கொடுத்த நாட்களில் நீங்கள் 293க்கே அடித்தீர்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தொலைக்காட்சிச் செய்தியில் சொல்லும் 'பிரென்ட்' மசகு எண்ணெய் விலை நம் பெற்றோலின் விலை அன்று. நாம் பெரும்பாலும் சுத்திகரித்த பெற்றோலையே வாங்குகிறோம், அதற்கு அடிப்படை சிங்கப்பூர்ச் சந்தையின் விலை. சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் 1969இல் தொடங்கியது. நாளொன்றுக்கு 38,000 பீப்பாய் வடிக்கக்கூடிய பழைய ஆலை. அதிலிருந்து வரும் பெற்றோல் நம் வாகனங்களுக்குப் போதாது. மசகு எண்ணெய் இறங்கி, சிங்கப்பூரில் பெற்றோல் இறங்காமல் இருக்கும் நாட்களும் உண்டு. செய்தி பார்த்துவிட்டு ஷெட்டில் சண்டை பிடிப்பவர்களுக்கு இதை எப்படி விளக்குவது என்று பல வருடம் திண்டாடியிருக்கிறேன்.

ஆக, 12 ரூபாவுக்குக் குற்றவாளி தெஹ்ரானிலும் டெல் அவிவிலும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நமது வசவு போய்ச் சேராது. விடுங்கள்.

156 ரூபாவுக்கு வருவோம். ஒரு பென்சிலை எடுங்கள்.

ஒரு பீப்பாய் என்பது 159 லீற்றர். சிங்கப்பூரில் ஒரு பீப்பாய் பெற்றோல் 80 டொலர் என்று வைப்போம். ஒரு லீற்றர் அரை டொலருக்கு ஒரு சிட்டிகை மேல். டொலர் 200 ரூபாவாக இருந்த காலத்தில் அந்த லீற்றர் 101 ரூபா. இப்போது, 2025 ஜூலையில், டொலர் 300 ரூபா. அதே லீற்றர் 151 ரூபா. சிங்கப்பூரில் ஒரு சதம்கூட ஏறவில்லை, ஹோர்முஸில் ஒரு கப்பலும் நிற்கவில்லை, ஆனாலும் 50 ரூபா ஏறிவிட்டது. அது ரூபா விழுந்த 50 ரூபா. இதை முதல் வரியில் எழுதுங்கள்.

இரண்டாம் வரி: இன்னொரு 50 ரூபா. இதைப் பலர் கேள்விப்பட்டிருக்கிறார்கள், எதற்கென்று தெரியாது. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் வாங்கிய கடன் திறைசேரியின் தலைக்கு மாற்றப்பட்டது. அதை அடைப்பதற்காக லீற்றருக்கு 50 ரூபா எடுக்கிறார்கள். நீங்கள் நாளுக்கு நான்கு லீற்றர் அடிக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் தினமும் 200 ரூபா, மாதம் 26 நாள் ஓடினால் 5,200 ரூபா, உங்கள் லீசிங் கட்டணத்தோடு சேர்த்து இன்னொரு லீசிங் கட்டுகிறீர்கள். எந்த வாகனத்துக்கு என்றால், 2021இலும் அதற்கு முன்பும் நீங்கள் ஏற்கனவே எரித்துப் புகையாக விட்ட பெற்றோலுக்கு.

மூன்றாம் வரி: பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரி முதலாம் திகதி வற் 18 வீதமானது, அன்றுவரை விலக்கப்பட்டிருந்த பெற்றோலும் டீசலும் அதற்குள் வந்தன. அந்த ஒரே இரவில் 92 ஒக்டேன் என்ற சாதாரண பெற்றோல் 346இலிருந்து 366 ஆனது. 293 ரூபா விலைக்குள் 18 வீத வற் என்றால் ஏறத்தாழ 45 ரூபா.

ஐம்பதும் ஐம்பதும் நாற்பத்தைந்தும் கூட்டினால் 145. மீதி பதினொரு ரூபாவைக் கப்பல் கூலி, காப்புறுதி, விநியோகத்தரின் மேலதிகக் கட்டணம், கொலன்னாவையிலும் முத்துராஜவெலயிலும் களஞ்சியம், பவுசர் கூலி, மாறிய மற்ற வரிகள் என்று பிரித்துக்கொள்ளலாம். இது சமையலறை மேசைக் கணக்கு. அங்கும் இங்கும் பத்துப் பதினைந்து ரூபா விலகும். உற்பத்தித் தீர்வை பழைய 137க்குள்ளும் இருந்தது, இன்றும் இருக்கிறது. படம் மட்டும் மாறாது: மூன்று வரியும் இங்கே, இந்தத் தீவில் எழுதப்பட்டவை.

எழுதியது யார்?

137 ரூபா என்ற விலை எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து சொல்கிறேன். 2018 மே மாதம் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர விலைச் சூத்திரத்தைக் கொண்டுவந்தார். 117 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் ஒரே இரவில் 137 ஆனது. என்ன திட்டு! சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிக்காட்டச் சொல்லிக் கேலி செய்தார்கள். பிறகு வந்த அரசாங்கம் சூத்திரத்தைத் தூக்கிப் பரணில் போட்டது. 2019 டிசம்பரில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். அரசாங்கத்துக்கு வரவு வற்றியது. கடன் கொடுப்பவர்கள் கதவைச் சாத்தினார்கள். அடுத்த வசந்தத்தில் கொரோனா வந்து உலகமே வீட்டுக்குள் அடங்கியது. 2020 ஏப்ரலில் பிரென்ட் பீப்பாய் 20 டொலருக்குக் கீழே போனது. நமது விலை? 137. அசையவில்லை. மிஞ்சும் பணத்தை ஒரு நிலைப்படுத்தல் நிதியத்தில் போட்டு வைப்போம், விலை ஏறும்போது அது தாங்கும் என்றார்கள்.

தாங்கியதா? 2021 ஜூனில் 137 ரூபா 157 ஆனது. அந்த 20 ரூபாவுக்காக அன்றைய எரிசக்தி அமைச்சர் பதவி விலக வேண்டும் என்று ஆளும் கட்சியின் பொதுச் செயலாளரே அறிக்கை விட்டார். எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது, அது தோற்றது. ஆனால் பயம் வென்றது. ஒக்டோபரில் பிரென்ட் 80 டொலரைத் தாண்டிய பின்னும் கூட்டுத்தாபனம் 157க்கே விற்றது, டிசம்பர் பிற்பகுதிவரை.

விலை ஏற்றப் பயப்படும் அரசியல் இங்கே புதிதன்று. 1953இல் பங்கீட்டு அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்போய், ஓகஸ்ட் ஹர்த்தாலில் நாடு கொதித்து, டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியை விட்டுப் போனார். அதிலிருந்து ஒவ்வொரு அமைச்சருக்கும் அவருடைய செயலாளர் அந்தக் கதையைக் காதில் ஓதித்தான் கையெழுத்துப் போட விடுகிறார் போலும்.

சரி, நட்டத்துக்கு விற்றால் அந்த நட்டம் எங்கே போகும்? காற்றிலா? கூட்டுத்தாபனம் எண்ணெய்க் கப்பலுக்கு டொலரில் பணம் கட்ட வேண்டும். உங்களிடமும் என்னிடமும் வாங்குவதோ ரூபா, அதுவும் குறைவான ரூபா. மின்சார சபையும் அரச விமான நிறுவனமும் எரிபொருள் எடுத்துவிட்டுப் பல காலம் கொப்பியில் எழுதி வைத்தன. எனவே இரண்டு அரச வங்கிகளிடம் டொலரில் கடன் வாங்கியது. ரூபாவில் சம்பாதிப்பவன் டொலரில் கடன் வாங்கக் கூடாது என்பது செட்டியார் தெருவில் அடகுக்கடை வைத்திருப்பவருக்குக்கூடத் தெரியும்.

2022 மார்ச் 7ஆம் திகதி ரூபாவைப் பிடித்திருந்த கையை விட்டார்கள். 200 சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. கடனும் அதே வேகத்தில் ஊதியது. ஒரு லீற்றர்கூடக் கூடுதலாக வாங்காமலே கூட்டுத்தாபனத்தின் கடன் ரூபாவில் முக்கால் பங்கு பெருத்தது. இடையில் உக்ரைன் போர் வேறு. விலை மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420, ஜூன் இறுதியில் 470. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடே கைவிரித்தது.

அந்த ஜூனில் காலி வீதியில் ஒரு ஷெட்டுக்கு முன்னால் இரண்டு இரவு என் காரில் கிடந்தேன். எனக்கு முன்னால் ஓர் ஓட்டோ. அந்தத் தம்பி பின் ஆசனத்தில் மகளைப் படுக்க வைத்துவிட்டு, தான் நடைபாதையில் பாய் விரித்திருந்தான். விடியற்காலை மூன்று மணிக்கு வரிசை ஒரு வண்டி அளவு நகர்ந்தது. இயந்திரத்தை முடுக்கினால் அந்த அளவு பெற்றோல் போய்விடுமே என்று, பிள்ளை எழும்பாதபடி, கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனான். இரண்டு கை அகலத்துக்கு ஒரு தரம் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தள்ளினான். பிறகு வந்து என் காரையும் தள்ளிவிட்டான். வரிசையில் நின்றே இறந்தவர்களின் செய்தி அப்போது வாரம் ஒன்று வந்துகொண்டிருந்தது. 470 ரூபா அதிகம் என்று அந்த வரிசையில் யாரும் பேசவில்லை. இருக்கிறதா, இல்லையா என்பதுதான் பேச்சு.

ஐ.எம்.எப். வந்தது இவ்வளவுக்கும் பிறகு, 2023 மார்ச்சில். எரிபொருளையும் மின்சாரத்தையும் அடக்கவிலைக்குக் குறைத்து விற்காதே என்பது அவர்களின் நிபந்தனைகளில் ஒன்று. அவர்களை நான் நல்லவர்கள் என்று சொல்லவில்லை. வற்றை இவ்வளவு வேகமாக, ஏழை பணக்காரன் பார்க்காமல் ஏற்றச் செய்ததில் எனக்குச் சண்டை உண்டு: சொகுசு ஜீப்பும் உங்கள் ஓட்டோவும் லீற்றருக்கு ஒரே வரிதான் கட்டுகின்றன. ஆனால் வீடு எரிந்தபின் வந்தவர்களைத் தீ வைத்தவர்கள் என்று சொல்ல என் தொழில் இடம் தராது.

பழைய கதை ஒன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2007, 2008இல் எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போனது. கூட்டுத்தாபனம் வெளிநாட்டு வங்கிகளோடு விலைக்காப்பு ஒப்பந்தங்கள் செய்தது. விலை ஏறினால் வங்கி நமக்குக் கொஞ்சம் தரும், ஓர் அளவோடு நின்றுவிடும். விலை இறங்கினால் நாம் வங்கிக்குக் கொடுக்க வேண்டும், அதற்கு எல்லை கிடையாது. ஓட்டோக்காரர் ஒருவர் இப்படி ஒரு காப்புறுதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாரா? 2008 ஜூலையில் பீப்பாய் 147 டொலரைத் தொட்டது. டிசம்பரில் 40க்கும் கீழே. உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையைக் காட்டிக் கொடுப்பனவை நிறுத்தினோம். வங்கிகள் வெளிநாட்டில் வழக்குப் போட்டன. 2011இல் லண்டன் நீதிமன்றம் ஸ்டான்டர்ட் சார்ட்டர்ட் வங்கிக்கு ஏறக்குறைய 162 மில்லியன் டொலர் கொடுக்கச் சொன்னது. 2012இல் டொய்ச்ச வங்கிக்கு 60 மில்லியனும் வட்டியும் என்று சர்வதேச நடுவர் மன்றம் தீர்த்தது. அந்தப் பணமும் வானத்திலிருந்து விழவில்லை.

ஆகவே 156 ரூபாவுக்கு யாரைத் திட்டுவது என்று கேட்டால், இன்று விலையை அறிவிப்பவரை அல்ல, அன்று விலையை மறைத்தவர்களைத் திட்டுங்கள் என்பேன். ஒரு கட்சி மட்டும் அல்ல. எதிரணியில் இருக்கும்போது 'வரியைக் கழித்தால் பெற்றோல் இவ்வளவுதான்' என்று மேடையில் கணக்குக் காட்டாத கட்சி இந்த நாட்டில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தக் கணக்குத் தாள் தொலைந்துபோகாத கட்சியும் இல்லை. மறைத்தபோது கைதட்டியவர்களும் இருக்கிறோம். 2020இல் உலகச் சந்தையையும் நம் ஷெட் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவள் நான். நிலைப்படுத்தல் நிதியத்தின் கணக்கு எங்கே என்று ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. 137 ரூபா எனக்கும் வசதியாக இருந்தது.

இப்போதைய அரசாங்கத்துக்கு என் கேள்வி வேறு. அந்த 50 ரூபாவில் இதுவரை எவ்வளவு சேர்ந்தது, கடனில் எவ்வளவு அடைந்தது, எந்த மாதத்தோடு முடியும்? விலை அறிவிப்பு ஒவ்வொரு மாதமும் இரவில் வருகிறது. அதோடு ஒரு லீற்றரின் பிரிவுக் கணக்கையும், இறங்கிய செலவு இவ்வளவு, வரி இவ்வளவு, பழைய கடன் இவ்வளவு, ஷெட்டுக்கு இவ்வளவு என்று ஒரு பக்கத்தில், மூன்று மொழியிலும் போட்டால் என்ன? ஷெட் வாசலில் ஒட்டினால் உங்கள் பயணிகள் ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டியிருக்காது. உங்கள் தொகுதி உறுப்பினர் கொழும்பு மாவட்டத்தில்தான் இருக்கிறார். ஆட்களை ஏற்றி இறக்கும் நீங்கள் என்னைவிட எளிதாக அவரைப் பிடிக்கலாம்.

இனி உங்களுக்குக் கொஞ்சம் கசப்பான கணக்கு. கோபிக்க வேண்டாம். உங்கள் வண்டி லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 12 ரூபாவை 25ஆல் பிரித்தால் கிலோமீற்றருக்கு 48 சதம். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பத்துக் கிலோமீற்றர் என்று வைத்தால் கூடிய செலவு 5 ரூபா. உங்கள் தரிப்பிடத்தில் 'பெற்றோல் ஏறிவிட்டது' என்று சொல்லி 100 ரூபா கூட்டிவிட்டார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சென்ற வெள்ளிக்கிழமை நானும் வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து வீட்டுக்கு, இரண்டு கிலோமீற்றர் இருக்காது, 50 ரூபா கூடக் கொடுத்தேன். அதில் பெற்றோல் ஏறியது ஒரு ரூபாவுக்கும் கீழே. மீதி 49 ரூபாவுக்குக் குற்றவாளி தெஹ்ரானிலும் இல்லை, திறைசேரியிலும் இல்லை. இறங்கும்போது அந்தத் தம்பியிடம் சொன்னேன். "ரொட்டியும் ஏறிவிட்டதே, அம்மா" என்றான். ரொட்டிக் கடைக்காரரும் பெற்றோலைத்தான் சொல்லியிருப்பார்.

உங்களுக்கு வலிப்பது 12 ரூபா இல்லை என்பது எனக்கு விளங்குகிறது. நாளுக்கு 48 ரூபா, மாதம் 1,248 ரூபா, அதைச் சமாளித்துவிடுவீர்கள். பயணிகள் குறைந்தது, செயலியில் ஓடினால் அதற்குக் கொமிஷன், உதிரிப்பாகம் டொலரோடு சேர்ந்து ஏறியது, டயர் ஏறியது. அவற்றுக்கு மாதாமாதம் நள்ளிரவு அறிவிப்பு வருவதில்லை என்பதால் எல்லாவற்றையும் பெற்றோல் கணக்கில் எழுதிவிடுகிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மாத வாடகையை மூன்று வருடமாக ஏற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஏற்றுங்கள். தாய்மாருக்குக் காரணம் சொல்லும்போது டயரையும் உதிரிப்பாகத்தையும் சொல்லுங்கள், ஈரானைச் சொல்லாதீர்கள்.

ஒரு பழக்கத்தையும் மாற்றிப் பாருங்கள். "ஐந்நூறு ரூபாவுக்கு அடியுங்கள்" என்றுதான் நம் ஆட்கள் எல்லோரும் கேட்கிறோம். 293 ரூபாவில் அது 1.706 லீற்றர், 305இல் 1.639. குறைந்தது 67 மில்லிலீற்றர், ஒரு சின்னத் தேநீர்க் குவளைக்கும் குறைவு. உங்கள் வண்டிக்கு அது ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோமீற்றர், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில் ஏறியவரைப் புறக்கோட்டையில் இறக்கும் தூரம். லீற்றர் கணக்கில் அடித்து, ஓடிய தூரத்தை ஒரு சிறு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு ஷெட்டில் அடித்தால் மட்டும் தூரம் குறைகிறது என்று கண்டால் பம்பின் அளவைச் சந்தேகிக்கலாம். பம்புகளுக்கு முத்திரையிடுவது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம். ஏமாற்றும் ஷெட் இருந்தால் அகப்படுவது இந்த வழியில்தான்.

31ஆம் திகதி தாங்கியை நிரப்புவதா என்ற கேள்விக்கு: சண்டை நின்றபின் சந்தை ஓரளவு அமைதியாக இருக்கிறது, டொலரும் 300 பக்கத்தில்தான் நிற்கிறது. இப்படியே போனால் அன்றிரவு பெரிய ஏற்றம் வருமென்று எனக்குத் தோன்றவில்லை. புதிதாக எங்காவது குண்டு விழுந்தால் என் ஊகத்தைக் கிழித்துப் போடுங்கள். உங்கள் ஓட்டோவின் தாங்கி 8 லீற்றர். அது முழுக்க வற்றியிருந்து, மறுபடி 12 ரூபாவே ஏறினாலும் மிச்சம் 96 ரூபா. மாலை ஏழு மணிக்கு வரிசையில் ஒரு மணி நேரம் நின்றால், அந்த நேரத்தில் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்குபவர்களில் இரண்டு பேரையாவது ஏற்றியிருப்பீர்கள். நான் அன்று என் காருக்கு நிரப்பப் போவதில்லை. ஓகஸ்ட் முதலாம் திகதி காலை, ஷெட்டில் ஆள் குறைந்த பிறகு போவேன்.